மின் என்று இரண்டு பேர்

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். இதைச் சொல்ல ஒரு போன் போதாதா என்று கேட்பீர்கள். இங்கே போன் கிடையாது. வாசலிலேயே வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வானத்து ரேடியோ அலையைக் கேட்கிற இந்த டிஷ்ஷுக்குக் காது அவ்வளவு கூர்மையாம். பக்கத்தில் ஒரு போன் முணுமுணுத்தால் போதும், வானம் சொல்வது அதற்குக் கேட்காதாம். கம்பி வழியாக மெயில் உண்டு. அது குழு மெயில், பத்துப் பேர் படிப்பார்கள். நம் வீட்டுச் சண்டையைப் பத்துப் பேர் முன்னால் கடை விரிக்க எனக்கு இஷ்டமில்லை. வாரம் ஒருமுறை சாமான் ஏற்றி வரும் வேன் டிரைவரிடம் கொடுத்தால் கடிதம் உங்களிடம் வந்துவிடும் என்றார்கள். அதனால்தான் பேனா.

சண்டைக்கு வருகிறேன். நீங்களும் நானும் ஒரே திட்டத்துக்குத்தான் புரோகிராம் எழுதுகிறோம், நீங்கள் வீட்டில் உட்கார்ந்து, நான் இங்கே வந்து. நான் பயணத்துக்குத் துணிமணி வாங்கப் போன மத்தியானம் பார்த்து என் ஃபைல்கள் அத்தனையிலும், எந்த ஃபைலிலிருந்து என்ன வாங்குவது என்று சொல்கிற தலைப்பை மாற்றி எழுதியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்டீர்களா? "கடிகார ஃபைலில் இருப்பதெல்லாம் உள்ளே வரட்டும்" என்று ஒரே வரியில் நான் முடித்திருந்தேன். அதை எடுத்துப் போட்டுவிட்டு, உங்கள் கடிகார ஃபைலுக்குக் "கடி" என்று ஒரு சுருக்கப் பெயர் வைத்து, அங்கிருந்து வரும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதை ஒட்டியிருக்கிறீர்கள். கடி/நேரம், கடி/பிழை, கடி/தேதி. ஃபைல் முழுக்க நாய் புகுந்து புறப்பட்ட மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் கடி வாங்கிக்கொண்டு நான் எப்படி வேலை செய்வது?

அப்படி என்ன அவசியம்? நம் வீட்டில் ஒரே ஆள் எனக்கு அண்ணன், உங்களுக்கு "இவர்", வாண்டுக்கு அப்பா. கூப்பிடும்போதெல்லாம் இன்னார் வீட்டு இன்னார் என்றா சொல்கிறோம்? யாரும் குழம்பவில்லையே.

வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டேன். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்ததால் வீட்டில் நீங்கள் பெரியவர், ஒத்துக்கொள்கிறேன். என் ஃபைலில் பெரியவள் நான். இனிமேல் அதில் கை வைக்காதீர்கள்.

இவ்வளவு கோபத்திலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்று டிஷ்ஷுக்குக் கீழே போய் நின்றேன். நம் தெருவை வீடுகளோடு சுருட்டி அதற்குள் வைத்துவிடலாம். கண்ட்ரோல் ரூமில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. டீசல் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் பெரியவர், இங்கே எல்லாருக்கும் அவர் டீசல்காரர்தான், ஒரு பொத்தானைத் தட்டினார். டக், டக், டக் என்று வந்தது. "என்னங்க இது?" என்றேன். "செத்துப்போன நட்சத்திரம்மா. சுத்திக்கிட்டே துடிக்குது" என்றார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. அண்ணி, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கையிலிருந்த டீயைக் குடிக்கவே மறந்துவிட்டேன்.

அந்தத் துடிப்பை அளப்பதுதான் என் வேலை. ஏப்ரல் கடைசி வரைக்கும் ஒப்பந்தம். அதற்குள் ஏதாவது கண்டுபிடித்தால் நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சின்னவள்


பிப்ரவரி 22

சின்னவளே,

கடிதம் கிடைத்தது. உன் அண்ணன் வாங்கிப் பிரித்து, முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "இது உனக்கு" என்று என் கையில் திணித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். தீ என்றால் முதலில் வெளியேறுகிற ஆள்.

உன்னைக் கேட்காமல் மாற்றியது உனக்குப் பிடிக்கவில்லை. சரி. இனிமேல் உன் ஃபைலை நான் தொட மாட்டேன். ஆனால் நீ சொன்ன நியாயத்துக்குப் பதில் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

யாரும் குழம்பவில்லை என்றாயே. போன வாரம் வாண்டைக் கூட்டிவரக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன். இருபது பிள்ளைகள் நடுவிலிருந்து இவள் என்னைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அண்ணீ!" என்று ஓடி வந்தாள். அங்கிருந்த ஆயா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குழந்தையோட அம்மா வரலையா?" என்றாள். அடையாள அட்டையை எடுத்துக் காட்டிப் பெற்ற பிள்ளையைக் கூட்டிவந்தேன். ஏன் தெரியுமா? வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை உன் குரல்தான். அண்ணி சாவி எங்கே, அண்ணி சார்ஜர் எங்கே. அந்தக் குழந்தை உன் வாயிலிருந்து வருவதையெல்லாம் அப்படியே அள்ளி உள்ளே போட்டுக்கொண்டது. எது தனக்கு, எது உனக்கு என்று பிரிக்க அதற்குத் தெரியவில்லை. "இருப்பதெல்லாம் உள்ளே வரட்டும்" என்ற உன் வரி இதைத்தான் செய்கிறது.

நேம்ஸ்பேஸ் என்று நீ சொல்வதை நான் ஒரு வீடு என்றுதான் நினைத்துக்கொள்வேன். இன்னொரு வீட்டு ஆட்களிடம் வேலை வாங்க வேண்டுமானால், அந்த வீட்டுக்கு ஒரு சுருக்கப் பெயர் வைத்து அதைச் சொல்லியே கூப்பிடு. படிக்கிறவனுக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று அந்த வரியிலேயே தெரிந்துவிடும். ஓரிருவர்தான் வேண்டும், அவர்களும் அடிக்கடி வேண்டும் என்றால், பெயர் சொல்லி அந்த ஓரிருவரை மட்டும் அழை. கதவைத் திறந்து போட்டு எல்லாரையும் வரச் சொல்லாதே. சோதனை ஃபைலில் சோதனைச் சொற்களை மொத்தமாக அழைப்பது உண்டு, அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மற்றபடி கூடாது. அப்புறம், சுருக்கப் பெயரை ஃபைலுக்கு ஃபைல் மாற்றாதே. பதிவு ஃபைலுக்கு நீ ஒன்றில் ஒரு பெயர் வைக்கிறாய், அடுத்ததில் வேறு பெயர் வைக்கிறாய். நான் இரண்டு பேர் என்று நினைத்து ஒரு முழுக் காலையைத் தொலைத்தேன். தலைப்பு வரிகளை அகர வரிசையில் அடுக்கினேன் என்று வேறு உனக்குக் கோபம் இருக்கும். அது என் பைத்தியம் இல்லை, இந்த மொழியில் எழுதுகிற பாதிப் பேர் செய்வது.

நாம் எழுதுகிற மொழியில் ஃபங்ஷன்தான் எல்லாம். ஒன்றை வாங்கும், ஒன்றைக் கொடுக்கும், வேறு எதையும் கலைக்காது. அவ்வளவு யோக்கியமான மொழி. பெயரில் ஏமாந்தால் மட்டும் அந்த யோக்கியத்தால் ஒரு புண்ணியமும் இல்லை.

குளிருக்குக் காலுறை எடுத்துப் போனாயா?

அண்ணி

பி.கு. அந்த டக் டக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.


மார்ச் 14

அண்ணி,

இதை அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கேலி செய்யாதீர்கள்.

அந்த நட்சத்திரம் ஆடுகிறது.

பொறுமையாகச் சொல்கிறேன். துடிப்பு எப்போதும் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். ஒரு வருஷத்துப் பதிவை எடுத்துப் புரோகிராமில் ஓட்டினேன். சில நாள் துடிப்பு ஒரு துளி முந்தி வருகிறது, சில நாள் ஒரு துளி பிந்தி வருகிறது. முந்துவதும் பிந்துவதும் மாறி மாறி, அலை மாதிரி. ஒன்பது நாளுக்கு ஒரு சுற்று. வருஷம் முழுக்க ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஏதோ ஒன்று அதைச் சுற்றிவருகிறது. சுற்றுகிறபோது நட்சத்திரத்தை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. செத்துப்போன நட்சத்திரத்தை விட்டுப் போகாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு கோள். வெடித்துச் சிதறி, எல்லாம் முடிந்து, வெளிச்சம்கூட அணைந்த பிறகும் ஒன்று அங்கே கூடவே இருக்கிறது. அதை முதலில் பார்த்தது நான். நேற்று சாப்பாட்டு அறையில் பருப்பைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை. டீசல்காரர் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இயக்குநரிடம் காட்டினேன். அவர் சிரிக்கிற மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஏப்ரல் 9 அன்று எல்லாரையும் கூட்டி நான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். கண்டுபிடிப்பு அங்கே நிலைத்து நின்றால் மூன்று வருஷம் இங்கேயே இருக்கலாம். எனக்கு வேறு எதுவும் வேண்டாம் அண்ணி, உண்மையாகச் சொல்கிறேன். இந்த டிஷ்ஷும் இந்த ஸ்பீக்கரும் போதும்.

வாண்டு விஷயம் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் பாவமாகவும் இருந்தது. திரும்பி வந்தால் ஒரு மாதம் உங்களை நானே அம்மா என்று கூப்பிடுகிறேன், போதுமா?

ஃபைல் பொது இடத்தில்தான் இருக்கிறது. திறந்து பாருங்கள். தொடாமல் பாருங்கள்.

சின்னவள்


மார்ச் 21

சின்னவளே,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. உன் அண்ணன் வாசனை பிடித்து ஓடி வந்தார். நான் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "நம்ம வீட்டு வாயாடியா?" என்றார். இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போய், அது எந்தத் திசை என்றுகூடத் தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். வெளிச்சம் அணைந்த பிறகும் கூடவே ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தாயே. அது என்னை என்னமோ செய்துவிட்டது.

இப்போது சொல்வதைக் கோபப்படாமல் கேள். கோபப்பட்டாலும் பரவாயில்லை, கேள்.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். தொடவில்லை. அங்கே இரண்டு கடிகாரம் இருக்கின்றன அல்லவா, ஒன்று நிலவறையில், இன்னொன்று ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் ஒரு துளி பிழை உண்டு. அந்த இரண்டு பிழையில் எது சிறியதோ அதைத் துடிப்பின் நேரத்திலிருந்து கழிக்க ஒரு வரி எழுதியிருக்கிறாய். சிறியதை எடுக்க "மின்" என்று போட்டிருக்கிறாய். மினிமம். அது மொழியோடு கூடப் பிறந்த பெயர், அதற்கு எந்த வீட்டுப் பெயரும் வேண்டாம். நீ எழுதியது சரிதான்.

என் கடிகார ஃபைலிலும் ஒரு மின் இருக்கிறது. அது மினிட். இரண்டு எண்ணைக் கொடுத்தால் இரண்டுக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று சொல்லும். என் ஃபைலின் தலைப்பிலேயே, "பிறவி மின் எனக்கு வேண்டாம், என் மின் போதும்" என்று எழுதி வைத்துவிட்டேன். அதனால் எனக்குக் குழப்பம் இல்லை. வெளியே இருக்கிறவர்கள் கடி/மின் என்று கூப்பிட்டால் அவர்களுக்கும் இல்லை.

நீ கதவைத் திறந்து எல்லாரையும் வரச் சொன்னாய். என் மின்னும் வந்துவிட்டான். உன் வீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மின்னை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் இவன் உட்கார்ந்துகொண்டான். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பதில் இவரை வைக்கிறேன் என்று கம்ப்யூட்டர் ஒரு வரி சொல்லியிருக்கும். புரோகிராம் கிளம்பும்போது ஓடுகிற நூறு வரியில் அதையும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆக நீ கழித்தது சிறிய பிழையை அல்ல. இரண்டு கடிகாரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை.

கோள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றுதான் என் மனசு அடித்துக்கொள்கிறது. தலைப்பில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி ஓட்டிப் பார். அப்புறம் இதைக் கேட்டுச் சொல். அங்கே ஒன்பது நாளுக்கு ஒருமுறை என்ன நடக்கிறது?

குழு மெயிலில் அனுப்பியிருந்தால் இது உன்னிடம் உடனே வந்திருக்கும். மற்ற ஒன்பது பேரிடமும் வந்திருக்கும். அதனால் கடிதம்.

அண்ணி


மார்ச் 29

அண்ணிக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்ததும் கடிதத்தைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். எந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தாலும் ஒரு ஓட்டை கண்டுபிடித்துச் சொல்ல ஒரு ஆள் இருப்பார். நம் வீட்டில் அது நீங்கள். அகர வரிசை, வீட்டுப் பெயர், காலுறை. என் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய விஷயத்துக்கும் நீங்கள் தலைப்பைத் திருத்தித்தான் ஆக வேண்டுமா? அந்த வரியை மாற்ற மாட்டேன். மாற்ற வேண்டிய அவசியமில்லை.

மேலே உள்ளது காலையில் எழுதியது. கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், நீங்களும் கொஞ்சம் கடி வாங்குங்கள்.

மத்தியானம் டீசல்காரரிடம் போனேன். சும்மா பேச்சு வாக்கில், "ஒன்பது நாளைக்கு ஒருதரம் இங்க என்னங்க நடக்கும்?" என்று கேட்டேன். அவர் கை துடைத்துக்கொண்டே, "ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பேன்மா. ஓட்டாம வச்சா கெட்டுப்போயிடும்" என்றார். ஓடினால் அந்த அறை அடுப்பு மாதிரி சுடுமாம். ஓட்டி முடித்து ஆறுவதற்கே இரண்டு நாள் ஆகுமாம். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இரண்டாவது கடிகாரம்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் போய் வரியை மாற்றினேன். கடி என்றே போட்டேன். ஓட்டினேன்.

போய்விட்டது அண்ணி. அலை இல்லை. ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. என் கோள் இத்தனை நாளும் டீசல் ஜெனரேட்டரைத்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உங்கள் மேலும் ஆத்திரம். ஊரில் வேறு பெயரே இல்லாத மாதிரி மொழியோடு பிறந்த பெயரை எடுத்து உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வைத்தது யார்? நான் கதவைத் திறந்தேன் என்கிறீர்கள். வந்தவன் என் நாற்காலியில் உட்காருகிறவனாக இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீங்கள் முதலில் ஒத்துக்கொள்ளுங்கள் என்று நான், நீ முதலில் ஒத்துக்கொள் என்று நீங்கள். இரண்டு ஃபைல் ஒன்றையொன்று கூப்பிட்டால் இந்த மொழி இரண்டையுமே திறக்காது இல்லையா, நாம் அப்படித்தான் நிற்கிறோம். இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவதாக ஒரு ஃபைலில் எடுத்து வைப்பதுதான் அதற்கு வழி. நமக்குப் பொதுவாக இருப்பது அண்ணன்தான். அவர் மாடியில் இருக்கிறார்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து அந்தக் கோட்டை மறுபடி பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்த நட்சத்திரம் இருக்கிற தூரத்தை எழுதினால் சைபர் போட இந்தத் தாளில் இடம் போதாது. அங்கே சுற்றுகிற ஒரு பிணம், இங்கே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கடிகாரம் வெயிலடித்த மாதிரி சூடாகிறது என்று காட்டிக்கொடுத்திருக்கிறது. நம் கடிகாரம் தப்பு, அது சரி. ஒரு வருஷத்தில் ஒருமுறைகூட அது தப்பவில்லை. நாம் யாரும் பிறக்காதபோது கிளம்பிய துடிப்பு அது. நான் கோளைத் தேடுகிற அவசரத்தில் இதைப் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 9-க்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள், வாழ்த்துச் சொல்கிறார்கள். இயக்குநர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

சின்னவள்


ஏப்ரல் 4

சின்னவளே,

முதலில் நான். அந்தப் பெயர் வைத்தது தப்பு. மாற்றிவிட்டேன், இப்போது அதற்கு "இடைவெளி" என்று பெயர். உன் அண்ணன் இத்தனை நாள் அதை மின்சாரம் அளக்கிற ஃபங்ஷன் என்று நினைத்திருந்தாராம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

9-ஆம் தேதி என்ன செய்வது என்று கேட்டாய். நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன், உன் அண்ணனிடம்கூட. சொல்வதும் சொல்லாததும் உன் கையில். உன் வேலை போகும் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்லு என்று எழுதப் பேனா வரவில்லை. சொல்லாதே என்று எழுதவும் வரவில்லை.

அந்தக் கோட்டை ஒரு தாளில் அச்சடித்து அனுப்பேன். எனக்கும் பார்க்க வேண்டும்.

அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணி,

சொல்லிவிட்டேன்.

அறை நிரம்பியிருந்தது. பின்னால் டீசல்காரர்கூடச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். முதலில் அலையைத் திரையில் போட்டேன். நாலைந்து பேர் கை தட்டினார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, என் ஃபைலின் தலைப்பைப் போட்டேன். எந்த வரி, அது யாரை உள்ளே விட்டது, உள்ளே வந்தவர் யார் நாற்காலியில் உட்கார்ந்தார் என்று உங்கள் வார்த்தையிலேயே சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் தங்கள் ஃபைலை நினைத்துக்கொண்டு முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் கோட்டைப் போட்டேன்.

இயக்குநர் கேட்டார், "அப்போ, ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லைங்க. இவ்வளவு சுத்தமா ஒண்ணும் இல்லாததை நான் பார்த்ததே இல்லை" என்றேன்.

யாரும் போனைப் பார்க்கவில்லை, பார்க்கப் போனும் இல்லை. எல்லாரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீசல்காரர் மெதுவாகக் கையைத் தூக்கி, "அப்ப நான் ஜெனரேட்டர் போட்டது அதுக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்று கேட்டார். "ஆமாங்க, தெரிஞ்சுடுச்சு" என்றேன்.

பிறகு இயக்குநர் தனியே கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார். இரண்டாவது கடிகாரத்தை எடுத்துவிடுவார்களாம். நான் நேர்மையாகச் சொன்னதை எழுதி வைப்பாராம். ஒப்பந்தத்தை நீட்டக் கண்டுபிடிப்பு வேண்டும், அது விதி, அவர் கையில் இல்லை என்றார். 28-ஆம் தேதி வேனில் வருகிறேன்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுத ஆசை. இல்லை. ஸ்பீக்கரை விட்டு வரத்தான் மனசு கேட்கவில்லை. டக் டக் என்று அது பாட்டுக்கு இருக்கும், கேட்க நான் இருக்க மாட்டேன்.

மேஜையைக் காலி செய்கிறேன். ஒரு வருஷத்துப் பதிவு முழுவதையும் பிரதி எடுத்து இந்த டிஸ்கில் போட்டு டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன், இயக்குநரிடம் கேட்டுக்கொண்டுதான். என் நட்சத்திரம் மட்டுமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த மற்றவையும் இருக்கின்றன. பாதி மங்கல் என்று அவசரத்தில் ஓட்டிப் பார்க்காமலே விட்டேன். ஒன்று சுத்த மோசம், முந்துவதும் பிந்துவதும் தலைகால் புரியாமல் இருக்கும், பதிவே கெட்டுப்போனது என்று ஒதுக்கி வைத்தோம். குழப்பக்காரன் என்று பெயர். என் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்ட கோட்டையும் அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 25

என் சின்னவளே,

கோட்டைப் பார்த்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த வாண்டு, "என்ன வரைஞ்சிருக்கு?" என்று கேட்டது.

டிஸ்கை உன் அலமாரியில் வைக்கவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு மூடி வை என்றால் எனக்கு ஆகாது. உன் ஃபைலைப் பிரதி எடுத்து, தலைப்பை ஒருமுறைக்கு நாலுமுறை படித்து, ஒவ்வொரு பெயரும் யார் வீட்டுப் பெயர் என்று விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, எல்லா நட்சத்திரத்தையும் ஓட்டினேன். மற்றவை கோடு. மங்கலான கோடு, ஆனால் கோடு.

குழப்பக்காரன் கோடு இல்லை.

அந்தப் பதிவு கெட்டுப்போனது இல்லை, கண்ணே. அதில் இரண்டு ஆட்டம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. ஒன்று நம்முடையது, ஜெனரேட்டரின் ஒன்பது நாள். அது போனதும் அடியில் இருந்தது தனியாகத் தெரிகிறது. நீளமான, சாவகாசமான அலை. ஐம்பத்து மூன்று நாளுக்கு ஒரு சுற்று. வருஷத்தில் கிட்டத்தட்ட ஏழு சுற்று, ஒன்றுபோலவே இன்னொன்று.

முதலில் நான் நம்பவில்லை. ஜெனரேட்டர் தேதிகளோடு பார்த்தேன், பொருந்தவில்லை. வேன் வருகிற நாள், நிலா, நம் பூமி சுற்றுகிற கணக்கு, எல்லாவற்றோடும் பார்த்தேன். நிலவறைக் கடிகாரத்தை மட்டும் வைத்து ஓட்டினேன். கடிகார ஃபைலையே புதிதாக எழுதி ஓட்டினேன். ஓட்டை கண்டுபிடிக்கிறவள் என்று என்னைச் சொன்னாயே, பத்து நாளாக அந்த வேலையைத்தான் செய்தேன். ஒரு ஓட்டையும் இல்லை. எதை மாற்றினாலும் அது அப்படியே நிற்கிறது. நேற்று மாலை கடைசியாக ஒருமுறை ஓட்டிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் வந்து விளக்கைப் போட்டு, "ஏன் அழுறே?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தது அவர் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது.

அது என்ன என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியது நீ. இயக்குநருக்கு எழுதவில்லை, குழு மெயிலில் போடவில்லை. நான் செய்ததெல்லாம் இதோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். நீயே ஓட்டிப் பார், நீயே சந்தேகப்படு, அப்புறம் நீயே போய்க் கதவைத் தட்டு.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற வேன்தான் உன்னை ஏற்றிவர வேண்டிய வேன். டிரைவரிடம், சாமான் இறக்குவதற்கு முன்னால் இதை உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே உன் அறையைப் பெருக்கி ஜன்னலைத் திறந்து வைத்தாயிற்று, உனக்குப் பிடித்த தலையணையை வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

ஏறாதே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போ.

அண்ணி